ஓரல் பேத்தாலஜி எம்.டி.எஸ். இடம் கிடைத்திருக்கிறது, எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள்

தென்பெண்ணை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பல் மருத்துவப் படிப்பான பி.டி.எஸ். முடித்து இன்டர்ன்ஷிப்பும் முடிந்துவிட்டது. மேற்படிப்பான எம்.டி.எஸ்.ஸுக்கு நீட் எழுதினேன். என் ரேங்குக்கு ஆர்த்தோ, எண்டோ, சர்ஜரி எதுவும் எட்டாது. கவுன்சிலிங்கில் ஓரல் பேத்தாலஜி, அதாவது வாய் நோய்களைத் திசுவை வைத்துக் கண்டறிகிற துறை, வந்திருக்கிறது. சேர்வதற்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

வீட்டில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. "கிளினிக்குக்கு உதவாத படிப்பு எதற்கு" என்கிறார் அப்பா. சீனியர் அக்கா ஒருவர், "மூன்று வருஷம் படித்துவிட்டு, முதல் வருஷப் பிள்ளைகளுக்கு மெழுகில் பல் செதுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருப்பாய்" என்றார். அடுத்த வருஷம் மறுபடி எழுது என்பதுதான் எல்லாரும் சொல்வது.

எனக்கு இந்தப் பாடம் பிடிக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஆயா நாற்பது வருஷம் வெற்றிலை, பாக்கு, புகையிலை போட்டவர். இடது கொடுப்பில் புண் வந்தது. பல் குத்துகிறது என்று நினைத்து ஒரு இடத்தில் பல்லைப் பிடுங்கினார்கள். புண் ஆறவில்லை. மூன்று மாதம் மாத்திரையும் கொப்பளிக்கிற மருந்துமாகப் போயிற்று. கன்னம் வெளியே வீங்கிய பிறகுதான் சதை எடுத்துச் சோதித்தார்கள். நான் அப்போது இரண்டாம் வருஷம். அடுத்த வருஷம் வகுப்பில் புற்றுநோய் ஸ்லைடை வைத்து, புற்றுச் செல்களுக்கு நடுவே உருண்டையாகத் தெரிகிற கெரட்டின் முத்துகளை ரோஸ் பென்சிலில் வரையச் சொன்னார்கள். எனக்குக் கை ஓடவில்லை.

இந்தத் துறையில் சேர்ந்தால் உண்மையிலேயே வாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சி செய்ய முடியுமா? நோயாளியின் முகத்தைப் பார்க்கவாவது முடியுமா? உள்ளே இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பாலாறு

நான் இதே துறையில் எம்.டி.எஸ். முடித்தவன். ஏழு வருஷம் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தேன். உங்கள் சீனியர் சொன்னது பொய் இல்லை.

முதல் வருஷத்துக்குப் பல் உடற்கூறு, வாய்த் திசுவியல். மூன்றாம் வருஷத்துக்கு ஓரல் பேத்தாலஜி. இந்த இரண்டையும் நடத்துவதும், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடுவதும், இன்ஸ்பெக்ஷன் வந்தால் ஃபைல் அடுக்குவதும்தான் என் ஏழு வருஷம். பயாப்சி வாரத்துக்கு இரண்டு வந்தால் அதிகம். அதுவும் பெரும்பாலும் பல் வேரடி நீர்க்கட்டி, ஈறுக் கட்டி. வாயில் பெரிய புண்ணோடு வருகிறவர் நேராகப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்விடுவார். அங்கே ரிப்போர்ட் எழுதுவது எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பின் எம்.டி. பேத்தாலஜி படித்தவர்கள். நம்முடைய ஸ்பெஷாலிட்டி நோயே நம் மேஜைக்கு வருவதில்லை.

சம்பளம் போதாமல் மாலையில் சாதாரண பி.டி.எஸ். டாக்டராகக் கிளினிக் பார்த்தேன். இப்போது அது மட்டும்தான். படிப்பின் மேல் எனக்குக் கசப்பு இல்லை. இன்றைக்கும் ஒரு வெள்ளைத் திட்டைப் பார்த்தால் மற்றவர்களைவிட எனக்கு அதிகம் தெரிகிறது. ஆனால் வாழ்க்கை நடத்த இது போதாது. மறுபடி எழுதுங்கள்.

நுண்ணோக்கி

31 வருஷம் இந்தத் துறையில் பாடம் நடத்தி, ரிப்போர்ட் எழுதி, ஓய்வு பெற்றவள் நான். பாலாறு எழுதியதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். இருந்தாலும் அதோடு நிறுத்திவிட்டால் இந்தத் துறை என்ன செய்திருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

1960-களில் மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பல் மருத்துவ ஆராய்ச்சிக்கென்று ஒரு சிறு பிரிவு இருந்தது. அதை நடத்தியவர் ஃபாலி மேத்தா. அவரோடு சேர்ந்தவர் கோபன்ஹேகனிலிருந்து வந்த ஜென்ஸ் பிண்ட்போர்க். ஆமாம், பிண்ட்போர்க் கட்டி என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறீர்களே, அவர்தான். இவர்கள் குழு கிராமம் கிராமமாக, வீடு வீடாகப் போய், மக்களை வாசலில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தது. 1969-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் 50,915 கிராமத்தாரின் வாய் இருக்கிறது. எண்ணிக்கையைக் கவனியுங்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களை எண்ணியது இல்லை இது, அவர்கள் வீட்டுக்கே போய் எண்ணியது.

பிறகு எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பாவ்நகர் என்ற மூன்று மாவட்டங்களில் சுமார் 30,000 பேரைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். ஸ்ரீகாகுளத்தில் பெண்கள் சுருட்டின் எரிகிற முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். அங்கே புற்று மேலண்ணத்தில் வந்தது. கேரளத்தில் வெற்றிலை அடக்குகிற இடமான கன்னத்தில் வந்தது. பழக்கம் எந்த இடத்தில் படுகிறதோ நோயும் அந்த இடத்தில். அதைவிடப் பெரிய செய்தி ஒன்றும் கிடைத்தது. புதிதாகப் புற்றுநோய் வந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் முன்பே வாயில் ஏதோ ஒரு மாற்றம் இருந்திருக்கிறது. வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ, வாய் இறுக்கமோ. அதாவது இந்த நோய் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வருகிறது. உங்கள் ஆயாவுக்கும் புண் வருவதற்கு முன் அந்த இடம் பல வருஷம் நிறம் மாறி இருந்திருக்கலாம். பார்க்கத்தான் ஆள் இல்லை.

பிண்ட்போர்க் ஸ்லைடு பார்ப்பவர்தான். ஆனால் ஸ்லைடு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு பார்த்தவர். அந்த இரண்டாவது பாதியை நாம் விட்டுவிட்டோம். ஒரே சென்னையில் 1953-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது, 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. இரண்டும் இத்தனை வருஷம் ஒரே ஊரில் இருந்தும், எங்கள் பி.ஜி. மாணவர்களில் எத்தனை பேர் அங்கே ஒரு மாதமாவது உட்கார்ந்திருப்பார்கள்?

தீசிஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மனசு தாங்காத விஷயம் இது. அலமாரியில் மெழுகில் பதித்து வைத்திருக்கிற 30 திசுப் பிளாக்கை எடுத்து, ஏதோ ஒரு புரதத்தைக் காட்டுகிற ஆன்டிபாடி வாங்கி, சாயம் ஏற்றி, "சாதாரணத் திசுவைவிடப் புற்றில் அதிகம்" என்று எழுதி முடிக்கிறோம். அடுத்த கல்லூரியில் வேறொரு ஆன்டிபாடி. அந்த 30 பேரும் இப்போது உயிரோடு இருக்கிறார்களா என்று யாருக்கும் தெரியாது. நானும் அப்படிப்பட்ட தீசிஸ்களுக்கு கைடாக இருந்திருக்கிறேன். அதைத் தவறு என்றுதான் இப்போது நினைக்கிறேன். நீங்கள் சேர்ந்தால் முதல் நாளிலிருந்து ஒரு நோட்டுப் போடுங்கள். டிஸ்பிளேசியா (செல்கள் புற்றை நோக்கி மாறத் தொடங்கிய நிலை) என்று ரிப்போர்ட் கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போன் செய்யுங்கள். மூன்று வருஷத்தில் உங்கள் கையில் இருக்கிற தகவல் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்திலும் இருக்காது.

தலைகழுத்து

புற்றுநோய் அறுவை செய்கிறவன். இந்த இழையை மனைவி காட்டினார், அவர் பல் டாக்டர்.

பேத்தாலஜிஸ்ட் நோயாளியைப் பார்ப்பதில்லை என்று நினைக்காதீர்கள். என் நோயாளிக்கு அடுத்து என்ன செய்வது என்பதைப் பாதி நேரம் தீர்மானிப்பது அவர் ரிப்போர்ட்தான். வாய்ப் புற்றின் நிலை பிரிக்கும் முறை 2018-லிருந்து மாறிவிட்டது. முன்பு கட்டியின் அகலம் மட்டும் பார்ப்போம். இப்போது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதும் சேர்ந்துவிட்டது. 5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என்று இரண்டு கோடு. 1.8 சென்டிமீட்டர் அகலமுள்ள சின்ன நாக்குப் புண், ஆழம் 6 மில்லிமீட்டர் என்றால் டி1 என்ற முதல் படி இல்லை, அடுத்த படியான டி2.

அந்த ஆழத்தை எப்படி அளப்பது? பக்கத்தில் இருக்கிற நல்ல தோலின் அடிப்படலத்தை மட்டமாக வைத்து, அங்கிருந்து கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல நேர்கீழே அளக்க வேண்டும். கட்டி மேலே புடைத்திருந்தால் அந்தப் புடைப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. குழிந்திருந்தால் குழியை விடக் கூடாது. திசுவைச் சாய்வாக வெட்டிவிட்டால் அளவே தப்பு. வாயின் தோல், சதை, உமிழ்நீர்ச் சுரப்பி, எலும்பு எல்லாம் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று கைவசம் தெரிந்தவர் செய்தால்தான் சரியாக வரும்.

கழுத்து விஷயமும் உண்டு. கழுத்தில் நெறி (நிணநீர்க் கணு) தட்டுப்படாதபோதும் முன்னெச்சரிக்கையாகக் கழுத்து நெறிகளை எடுக்க வேண்டுமா, தட்டுப்படும்வரை காத்திருக்கலாமா என்று உலகமே பல வருஷம் வாதாடியது. டாட்டா மெமோரியலில் டாக்டர் அனில் டிக்ரூஸ் குழு அதைச் சோதனையாகவே நடத்தி 2015-இல் முடிவைச் சொன்னது. முதலிலேயே எடுத்தவர்களில் மூன்று வருஷத்துக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம். தட்டுப்படும்வரை காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். ஒரு இந்திய மருத்துவமனை உலகம் முழுக்க இருந்த வழக்கத்தை மாற்றியது. அந்தச் சோதனையில் ஒவ்வொரு நோயாளியின் கட்டியையும் நெறிகளையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொன்னவர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது.

எனக்கு நல்ல ஓரல் பேத்தாலஜிஸ்ட் ஒருவர் வேண்டும். வாரம் ஒருநாள், டாக்டர்கள் சேர்ந்து சிகிச்சையை முடிவுசெய்கிற டியூமர் போர்டில் வந்து உட்கார்ந்து, "டாக்டர், நீங்கள் வெட்டிய இந்த ஓரம் போதாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லத் தெரிந்தவர்.

பாலாறு

அய்யா, நீங்கள் சொல்கிற அந்த நாற்காலியில் எங்களை உட்காரவைக்க எத்தனை மருத்துவமனை தயார்? வேலை விளம்பரம் வந்தால் எம்.டி. பேத்தாலஜி என்றுதான் வருகிறது.

தலைகழுத்து

உண்மைதான். எங்கள் இடத்திலும் அந்தப் பணியிடம் இல்லை. கேட்டு எழுதியிருக்கிறோம், இன்னும் வரவில்லை.

மகாவலி

இலங்கையில் பேராதனையில் படித்த பல் வைத்தியர் நான். இப்போது மலையகத்தில் வேலை. தென்பெண்ணை தங்கச்சிக்கு எங்கள் பக்கத்துக் கதையைச் சொல்லலாம் என்று வந்தேன்.

தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். விடிய எழும்பினால் பின்னேரம் வரை நிற்க வேண்டும். குளிர், பசி, மழை. வெற்றிலைக் கூறு ஒன்றைக் கொடுப்பில் அடக்கினால் பசி தெரியாது, உடம்பு சூடாக இருக்கும். இதைக் கெட்ட பழக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அந்தச் சனம் எங்களைத் திரும்பியும் பார்க்காது. 2007-இல் மத்திய மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வாய்களைப் பரிசோதித்து எங்கள் பீடத்தவர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதை வாசித்துத்தான் நான் இந்தப் பக்கம் வேலைக்கு விண்ணப்பித்தேன்.

நான் சொல்ல வந்தது சமன் வர்ணகுலசூரிய அவர்களைப் பற்றி. இலங்கையர், பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியர். 1984-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் அவர் குழுவின் கட்டுரை வந்தது. கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்கே வாயைப் பார்க்கப் பழக்கினால் என்ன என்பதுதான் கேள்வி. பழக்கினார்கள். அவர்கள் நன்றாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் "பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ" என்று அனுப்பியவர்களில் கணிசமான பேர் போகவே இல்லை. நாற்பது வருஷம் கழித்து எனக்கும் அதே பிரச்சினைதான். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் போய்விடும், பஸ் காசும் வேண்டும். எந்த மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும் இது தெரியாது.

இன்று நீங்கள் பாடத்தில் படிக்கிற "புற்றாக மாறக்கூடிய வாய்க் கோளாறுகள்" என்ற சொல்லும் 2005-இல் லண்டனில் அவர் முன்னின்று கூட்டிய கூட்டத்தில் உறுதியானது. முன்பு "முன்புற்றுப் புண்" என்பார்கள். திட்டு இருக்கிற இடம் மட்டும் ஆபத்து இல்லை, முழு வாயுமே ஆபத்தில் இருக்கிறது என்பதால் சொல்லை மாற்றினார்கள்.

கருப்பட்டி_கடை

நான் டாக்டர் இல்லை, வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகம், தவறாக நினைக்காதீர்கள். புகையிலை கெடுதல், ஒத்துக்கொள்கிறேன். பாக்கையும் சேர்த்துச் சொல்கிறீர்களே? நிச்சயதாம்பூலம் இல்லாமல் நம் வீட்டில் கல்யாணம் உண்டா? பெரியவர்களை வெற்றிலை பாக்கு வைத்துத்தானே அழைக்கிறோம். என் தாத்தா 90 வயது வரை சிற்றுரலில் இடித்துப் போட்டார், புகையிலை தொட்டதே இல்லை.

நுண்ணோக்கி

நல்ல கேள்வி, தவறாக நினைக்க ஒன்றும் இல்லை. எனக்கும் மாணவியாக இருந்தபோது பாக்கைப் பற்றி இப்படித்தான் எண்ணம். உங்கள் தாத்தாவுக்கு வராமல் போனது நல்லதாயிற்று. போடுகிற எல்லாருக்கும் புற்று வருவதில்லை. ஆனால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்த்தால் பாக்கு இருக்கிறது.

முதலில் பிரித்துப் பார்ப்போம். வெற்றிலையின் மேல் குற்றம் இல்லை. பாக்கின் மேல் இருக்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேர்க்காத தாம்பூலமும், பாக்கு தனியாகவும், மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் வைத்தது. தைவானில் பாக்கைப் பெரும்பாலும் புகையிலை சேர்க்காமல்தான் மெல்லுகிறார்கள். அங்கே வாய்ப் புற்று அவ்வளவு அதிகமாக வந்ததால், நாடு முழுக்கப் பரிசோதனைத் திட்டமே போட வேண்டி வந்தது.

இன்னொன்று, வாய் இறுக்கம். நாங்கள் ஓ.எஸ்.எம்.எஃப். என்போம். 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் வாழ்ந்த 5 இந்தியப் பெண்களிடம் பார்த்து, காரணம் தெரியாத நோய் என்று லத்தீனில் பெயர் வைத்து எழுதினார். அடுத்த வருஷம் மும்பையில் ஜோஷி எழுதினார். மிளகாய்க் காரமா, சத்துக் குறைவா என்று பல வருஷம் தேடினார்கள். கடைசியில் பாக்கில் வந்து நின்றது. பாக்கில் இருக்கும் அரிக்கோலினும் செம்புச் சத்தும் டானினும் சேர்ந்து கன்னத்துக்கு அடியில் கொலாஜன் நாரைக் கூட்டிக்கொண்டே போகும். உருவான நார் கரையவும் விடாது. ஸ்லைடில் பார்த்தால் மேல்தோல் காகிதம்போல மெலிந்திருக்கும், கீழே ஒரே ரோஸ் நிறப் பாளம், ரத்தக் குழாய்கள் நசுங்கிக் கிடக்கும். எர்ணாகுளத்தில் இந்த நோயாளிகளை 17 வருஷம் தொடர்ந்து பார்த்ததில் 7.6 சதவீதம் பேருக்குப் புற்று வந்தது.

தாம்பூலத் தட்டில் பாக்கு இருக்கட்டும். தட்டில் இருப்பதும் தினமும் பத்து முறை வாயில் இருப்பதும் வேறு. உங்கள் தாத்தா காலத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு முறை போட்டார்கள். இப்போது பள்ளிக்கூடத்துப் பையன் உலர்ந்த பாக்குத் தூளைப் பொட்டலமாகக் கிழித்து வாயில் கொட்டிக்கொள்கிறான். என் கடைசி வருஷங்களில் வாய் திறக்க முடியாமல் வந்தவர்களில் நிறையப் பேர் மீசை முளைக்காத பிள்ளைகள்.

பழனி_சாலை

அந்த நோய் எனக்கு இருக்கிறது. லாரி ஓட்டுகிறேன். தூக்கம் வராமல் இருக்கப் பொட்டலம் போட ஆரம்பித்தேன். முதலில் காரம் பட்டால் எரிந்தது. ரசம்கூட எரியும். வீட்டில் எனக்கு மட்டும் தனியாக மிளகாய் இல்லாமல் செய்தார்கள். அப்புறம் சீட்டி அடிக்க வராமல் போனது. அப்போதும் புரியவில்லை. பல் வலிக்குப் போன இடத்தில் ஒரு பெண் டாக்டர், "அண்ணா, உங்கள் மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் விடுங்கள்" என்றார். ஒன்றரை விரல்தான் போயிற்று. அவர்தான் பாக்கைப் பற்றிச் சொன்னார். விட்டு நாலு வருஷம் ஆகிறது. வாய் பழையபடி திறக்கவில்லை, ஊசி போட்டதில் கொஞ்சம் பரவாயில்லை, எரிச்சல் குறைந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார், போகிறேன். நான் போகாவிட்டால் அவரே போன் பண்ணுகிறார். அவர் என்ன படித்தவர் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பெண் அப்படி ஒரு டாக்டர் ஆவார் என்றால் படிக்கட்டும்.

கிள்ளான்_ஆறு

மலேசியாவில் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். நான் பல் மருத்துவர் இல்லை, மூலக்கூறு உயிரியல் படித்தவன், ஆனால் என் தினசரி வேலை வாய்ப் புற்று செல்களோடுதான்.

இங்கே வாய்ப் புற்று நம் இந்தியச் சமூகத்தில்தான் அதிகம், அதிலும் பெண்களிடம். எஸ்டேட்டில் வேலை செய்த பாட்டிமார்களின் பழக்கம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் வாய்ப் புற்றுக்கென்றே ஒரு ஆய்வு மையம் இருக்கிறது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் ரோஸ்னா ஜைன், உங்களைப்போலப் பல் படித்து ஓரல் பேத்தாலஜிக்கு வந்தவர். நாங்கள் வளர்க்கிற செல் வரிசைகள் ஆசிய நோயாளிகளின் கட்டியிலிருந்து எடுத்தவை. இது ஏன் முக்கியம் என்றால், பாடப்புத்தகத்தில் இருக்கும் பல செல் வரிசைகள் பாக்கே மெல்லாதவர்களிடமிருந்து வந்தவை.

இந்தியாவிலும் இதைச் செய்திருக்கிறார்கள். கன்னமும் ஈறும் சேர்கிற மடிப்பில் வருகிற புற்றின் மரபணு மாற்றங்களை, மேற்கு வங்கத்தின் கல்யாணியில் உள்ள மரபணுவியல் நிறுவனமும் நவி மும்பையில் உள்ள டாட்டா ஆய்வு மையமும் சேர்ந்து 2013-இல் வெளியிட்டன. வெளிநாட்டுப் பட்டியலில் இருக்கிற மரபணுக்களோடு அங்கே புதிதாகச் சிலவும் கிடைத்தன. அந்த மடிப்புதான் பொட்டலத்தை அடக்கிக்கொள்கிற இடம்.

ஆய்வுக்கூடத்தில் எனக்கு அடிக்கடி முட்டுவது இதுதான். எனக்கு ஒரு டியூபில் திசு வருகிறது. அது கட்டியின் நடுவா, ஓரமா, செத்த பகுதியா என்று எனக்குத் தெரியாது. ஒரு ஓரல் பேத்தாலஜிஸ்ட் பக்கத்தில் இருந்து "இங்கிருந்து எடு" என்று காட்டினால் மட்டுமே என் மாதக்கணக்கான வேலைக்கு அர்த்தம். ஆராய்ச்சி வேண்டும் என்றால் எம்.டி.எஸ்.ஸோடு நிற்காதீர்கள், பி.எச்டி. செய்யுங்கள். படிக்கும்போதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) உதவித்தொகைகளைப் பார்த்து வையுங்கள்.

பாலாறு

இரண்டு நாளாக இந்த இழையைத்தான் வாசிக்கிறேன். என் கருத்தில் பாதி அப்படியே இருக்கிறது. பணம் விஷயத்தில் யாரும் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் பதில் இல்லை. சேர்கிறவர் அதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும், கல்விக் கடன் இருந்தால் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

ஆனால் நுண்ணோக்கி மேடம் சொன்ன அந்த நோட்டு எனக்கு உறுத்துகிறது. ஏழு வருஷத்தில் டிஸ்பிளேசியா என்று எத்தனை ரிப்போர்ட் கொடுத்திருப்பேன்? ஒருவருக்கும் போன் செய்ததில்லை. என் கிளினிக்கில் இப்போது இரண்டு பேர் வெள்ளைத் திட்டோடு இருக்கிறார்கள். இன்றைக்கு அவர்கள் நம்பரை எழுதி வைத்தேன்.

மகாவலி

திருவனந்தபுரத்து ஆய்வைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. தங்கச்சி, அதை அவசியம் தேடி வாசியுங்கள். 1996-இல் தொடங்கினார்கள், டாக்டர் சங்கரநாராயணன் தலைமையில், அங்குள்ள வட்டாரப் புற்றுநோய் மையத்திலிருந்து. 13 பஞ்சாயத்துகள், 35 வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய 1.9 லட்சம் பேர். ஏழு பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய் வாயைப் பார்த்தார்கள். டாக்டர்கூட இல்லை, பட்டதாரிப் பிள்ளைகள், கையில் டார்ச். 2005-இல் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடம் வாய்ப் புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்தது. பழக்கம் இல்லாதவர்களையும் சேர்த்து எல்லாரையும் ஒன்றாகப் பார்த்தால் அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. அதுவும் ஒரு பாடம், யார் வாயைத் தேடிப் போக வேண்டும் என்று சொல்கிறது.

தென்பெண்ணை

ஐந்து நாள் முடிந்துவிட்டது. எல்லாருக்கும் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். சேர்ந்துவிட்டேன். அப்பா இன்னும் சரியாகப் பேசவில்லை, ஆனால் முதல் தவணைப் பணத்தை அவர்தான் கட்டினார்.

பாலாறு அண்ணா, கடன் பற்றி நீங்கள் எழுதியதை அப்பாவிடம் காட்டினேன். மாலையில் கிளினிக் பார்த்தே ஆக வேண்டும் என்று நாங்களும் கணக்குப் போட்டுவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை ஊருக்குப் போயிருந்தேன், பண்ருட்டிக்கு அந்தப் பக்கம். மணிலா பிடுங்க வந்த பெண்கள் சாப்பிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மவுத் மிரரும் போன் வெளிச்சமும்தான் கையில். அத்தை முதலில் வாயைக் காட்டினார், பிறகு மற்றவர்களும் காட்டினார்கள். 14 பேர். நாலு பேருக்கு வெள்ளைத் திட்டு இருந்தது. ஒருவருக்கு வலது கன்னத்தில் கடைவாய்ப் பல் பக்கம் வெள்ளைக்கு நடுவில் சிவப்பாக ஒரு திட்டு, வெல்வெட் துணி மாதிரி. வலியே இல்லையாம், எப்போதிருந்து என்றும் தெரியாதாம். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பயப்படுத்தாமல் சொல்ல வேண்டுமே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் கூட வருகிறேன், பஸ்ஸுக்கு நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். வியாழக்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நுண்ணோக்கி

சிவப்பு இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். சுத்த வெள்ளையைவிட அது பல மடங்கு ஆபத்து. சதை எடுக்கிறவரிடம் பக்கத்தில் நின்று சொல்லுங்கள், வெள்ளைப் பகுதியில் எடுக்கக் கூடாது, சிவப்பிலிருந்து எடுக்க வேண்டும், கொஞ்சம் ஆழமாக, அடித்திசுவும் சேர்ந்து வரும்படி. இடுக்கியால் நசுக்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. எடுத்த உடனே ஃபார்மலினில் போட வேண்டும், திசுவைப்போல பத்து மடங்காவது ஃபார்மலின் இருக்க வேண்டும். ஸ்பிரிட்டிலோ சலைனிலோ போட விடாதீர்கள். படிவத்தில் "வாய்ப் புண்" என்று மட்டும் எழுதாமல் இடம், நிறம், அளவு, எத்தனை வருஷப் பழக்கம் எல்லாம் எழுதுங்கள்.

தென்பெண்ணை

சரி மேடம். பழக்கம் 26 வருஷம் என்று சொன்னார், கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து கணக்கு வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் ஒரு 80 பக்க நோட்டில் எழுதியிருக்கிறேன். அவர் பெயர்தான் முதல் பக்கத்தில். அவரிடம் போன் இல்லை, மகன் நம்பர் வாங்கிக்கொண்டேன். வியாழன் காலை 7 மணி பஸ்.

பழனி_சாலை

ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள் அம்மா.